உள்பக்கம் பாஸ்

விமானத்தின் முதுகை நான் முதன்முதலில் பார்த்தது ஏலகிரியில். பன்னிரண்டாம் வகுப்புச் சுற்றுலா. மலை விளிம்பில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, வேகவைத்த கடலையைத் தின்றபடி, கீழே தெரியும் சமவெளியில் எது வாணியம்பாடி, எது ஆம்பூர் என்று தோழியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எங்களுக்குக் கீழே ஒரு சின்ன வெள்ளை விமானம் போயிற்று.

அதுவரை விமானம் என்றால் எனக்கு அதன் வயிறுதான். ஊரில் எல்லோருமே அண்ணாந்து வயிற்றைத்தான் பார்க்கிறோம். முதுகைப் பார்த்தபோது அது வேறு பொருளாக இருந்தது. இறக்கை, உடம்பு, வால் என்று தனித்தனியாக வெட்டி இணைத்தது போலத் தெரிந்தது. யாரோ ஒரு மேசை மேல் வைத்துச் செய்த சாமான். செய்த சாமான் என்றால் அதைக் கையாள ஒரு ஆள் இருக்க வேண்டும் அல்லவா?

"அதுக்குள்ள ஒரு ஆளு உக்காந்துகினு கீறான்டி," என்றேன்.

"பின்ன, ஆளு இல்லாமயா போவும்? வாயில கடலைய வச்சிக்கினு பேசாத," என்றாள் தோழி.

அந்த நிமிடமே என் வாழ்க்கை திசை திரும்பியது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. திரும்பியது பேருந்து. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் திரும்பியது. வானத்தில் பறக்க முடிவெடுத்தவள் அடிவாரம் வருவதற்குள் மூன்று முறை பாலித்தீன் பை கேட்டாள்.

ஆனாலும் முடிவு முடிவுதான். கல்லூரி முடிந்ததும் ஓர் உதவித்தொகைத் தேர்வு எழுதினேன். தேறினேன். சத்துவாச்சாரியில் ஒரு பெண்கள் விடுதியில் கட்டில் பிடித்து, அங்கிருந்து தினமும் பேருந்தில் விமானப் பயிற்சிக்குப் போகத் தொடங்கினேன். போவதற்கு முன்னால் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னு வையி, அன்னிக்கே மூட்ட கட்டிக்கினு வந்துடணும். இன்னா?"

"சரிம்மா."

"ஒண்ணுன்னா ஒண்ணுதான். ரெண்டாவது ஆவட்டும்னு பாத்துகினு இருக்கக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டேன். எதுவும் ஆகாது என்று நம்புகிறவர்களுக்கு எந்த நிபந்தனையும் சுலபம்தான்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங் மேசை அவளுடையது. தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஒவ்வொரு ஜோடியையும் கையில் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பாஸ், திருத்தி வரத் திருப்பி அனுப்பும் ரீவொர்க், ரிஜெக்ட் என்று மூன்று இடம். குறை இருந்தால் சில்வர் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாள். தோல் மேல் வெள்ளியாகத் தெரியும், துடைத்தால் போய்விடும். அந்தப் பேனா வீட்டிலும் அவள் கைப்பையில் இருக்கும். ஒருமுறை என் மதிப்பெண் பட்டியலில் கணக்கைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள்.

அந்த மேசையில் ஒரு சலுகை உண்டு. ஷூவின் வெளிப்பக்கத்தில் ஊசிமுனை அளவு வடு இருந்தாலும் விடமாட்டார்கள். உள்பக்கத்தில், அதாவது நடக்கும்போது ஒரு கால் இன்னொரு காலைப் பார்க்கும் பக்கத்தில், லேசான நரம்புக் கோடோ கீறலோ இருந்தால் விட்டுவிடலாம். யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? "உள்பக்கம் பாஸ்" என்பார்கள். அது கம்பெனியிலிருந்து எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. புடவைக்குள் மறையும் ரவிக்கைக் கிழிசல், உள்பக்கம் பாஸ். பீரோவுக்குப் பின்னால் உரிந்த சுண்ணாம்பு, உள்பக்கம் பாஸ். நான் பள்ளிப் பையின் உள் அறையில் மையைக் கொட்டியபோதும் அம்மா ஒரு முறை முறைத்துவிட்டு அதையேதான் சொன்னாள்.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கீறல் தேடுவது ஒரு வேலையா என்று கல்லூரி நாட்களில் எனக்கு ஓர் இளக்காரம் இருந்தது. நான் செய்யப்போவது வேறு வேலை. நான் மேலே போகப் போகிறவள்.

விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்து குறை தேட வேண்டும்.

நான் சொல்லப்போகும் நாளில் எனக்கு அவசரம். அன்றைய பாடம் ஒழுங்காக முடிந்தால் அடுத்த வாரம் தனியாகப் பறக்க விடுகிறேன் என்று கேப்டன் சொல்லியிருந்தார். கேப்டன் என்றால் எங்கள் பயிற்றுநர். வடக்கத்திக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், ஆங்கிலத்தில் பாடம் நடத்துவார், கோபம் வந்தால் இந்திக்கு மாறிவிடுவார். பக்கத்து வீட்டு உருதுவைக் கேட்டு வளர்ந்த ஆம்பூர்க் காது என்னுடையது என்பதால் எனக்கு மட்டும் அந்தத் திட்டு முழுசாகப் புரியும். மற்ற மாணவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அன்றைய பாடம் என்னவென்றால், அவசரத் தரையிறக்கம். உயரே போனதும் கேப்டன் இன்ஜினின் வேகத்தைக் குறைத்துவிட்டு, "உன் இன்ஜின் நின்றுவிட்டது, என்ன செய்வாய்?" என்று கேட்பார். நான் இறங்குவதற்கு ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லி, அதை நோக்கிச் சறுக்கி இறங்க வேண்டும். தரைக்கு ஐந்நூறு அடி இருக்கும்போது அவர் மறுபடி வேகம் கொடுப்பார், மேலே ஏறிவிடுவோம். விடுதியில் பத்து நாளாகத் தட்டோடு உட்கார்ந்து, அந்த வரிசையை இட்லிக்கு இட்லி மனப்பாடம் செய்திருந்தேன்.

காலையில் பட்டியலோடு சுற்றி வந்தேன். சக்கரம் சரி. இறக்கை சரி. பெட்ரோல் சரி. இன்ஜின் எண்ணெயை அளவுகோலை விட்டுப் பார்த்தேன், இருக்க வேண்டிய கோட்டில் இருந்தது. மூக்குப் பக்கம் வந்தபோது தரையில் ஒரு சொட்டு. கறுப்பாக, ஒரு ஸ்டிக்கர் பொட்டு அளவு. குனிந்தேன். மூக்கின் அடிப்பக்க விளிம்பில் இன்னொரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

விரலால் துடைத்தேன். பேன்ட்டில் தேய்த்தேன். பழைய விமானம் எதுதான் சொட்டாது? அதுவும் அடியில். மேலே பளபளவென்றுதான் இருக்கிறது. என் மனதுக்குள் ஒரு குரல், அதுவும் அம்மாவின் குரல், தெளிவாகச் சொன்னது. உள்பக்கம் பாஸ்.

கையெழுத்துப் போட்டேன். பிறகு விமானத்தின் முன் நின்று முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு செல்ஃபி எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். சொட்டுக்குச் செலவழித்த நேரத்தைவிட முடியைச் சரிசெய்யச் செலவழித்த நேரம் அதிகம்.

நெமிலிப் பக்கம், இரண்டாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில், இன்ஜின் இருமியது. விமானம் முழுக்க ஒரு நடுக்கம். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் மெதுவாகக் கீழே சாய்ந்தது. கண்ணாடியில் பழுப்பாக ஒரு கோடு வழிந்தது.

எனக்கு ஒரே குஷி. பாடம் ஆரம்பித்துவிட்டது! கேப்டன் எவ்வளவு தத்ரூபமாகச் செய்கிறார், எண்ணெயெல்லாம்கூட வரவழைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். நினைத்தேன் என்று இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று மனப்பாடத்தை ஒப்பிக்கத் தொடங்கினேன்.

கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"மைனே குச் நஹீ கியா," என்றார். நான் ஒன்றும் செய்யவில்லை.

அடுத்து ஒரு கடகட சத்தம். பிறகு இன்ஜின் நின்றது. எங்களுக்கு முன்னால் எப்போதும் ஒரு மங்கல் வட்டமாகச் சுழன்றுகொண்டிருக்கும் விசிறி, ஒரு வெறும் பட்டையாக, குறுக்கே, அசையாமல் நின்றது. வீட்டில் மின்சாரம் போனால் ஒரு நிசப்தம் வருமே, அது போல. வெளியே காற்றின் 'உஸ்' மட்டும் கேட்டது.

இனி நான் செய்த வீரச் செயல்களைச் சொல்கிறேன். விமானத்தின் கட்டுப்பாட்டைக் கேப்டன் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். மூக்கைத் தாழ்த்தி, சறுக்கும் வேகத்துக்குக் கொண்டுவந்தார். இன்ஜினை மறுபடி உயிர்ப்பிக்கப் பார்த்தார், அது மறுத்துவிட்டது. வானொலியில் அபாயச் செய்தி சொன்னார். பிறகு, நான் பயத்தில் உறைந்துவிடாமல் இருக்கத்தான் கேட்டார் என்று இப்போது தெரிகிறது, "எந்த வயல்?" என்றார்.

நான் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் எங்கள் ஜில்லா விரித்துப் போட்ட ஒரு தோல் மாதிரிதான். வரப்புகள் நரம்பு, கிணறுகள் ஓட்டை, பாதைகள் கீறல். நடுவில் ஒரு துண்டு மட்டும் கரும்பழுப்பில், ஒரு வடு இல்லாமல், ஒரு மடிப்பு இல்லாமல், வழவழவென்று கிடந்தது. ஏ கிரேடு. செருப்புத் தொழில் செய்யும் ஊரில் பிறந்த எவளும் அதைத்தான் எடுப்பாள்.

"அது!" என்று காட்டினேன்.

"அது சேறு," என்றார் கேப்டன். நடவுக்கு உழுது தண்ணீர் கட்டிய நிலம். சக்கரம் பட்டால் விமானம் தலைகுப்புற விழுந்திருக்கும்.

அவர் எடுத்தது அதற்கு அப்பால் இருந்த ஒரு அசிங்கமான துண்டு. அறுவடை முடிந்து, மொட்டையடித்த தலையில் ஒரு வாரத்து முடி முளைத்தது போல வைக்கோல் தாள் குத்திட்டு நின்ற வயல். மஞ்சளும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. அம்மா மேசைக்கு வந்திருந்தால் ரிஜெக்ட் ஆகியிருக்கும்.

"கதவைத் திற. பெல்ட்டை இறுக்கு," என்றார். மோதி நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும், அதனால் முன்கூட்டியே திறந்துவைக்க வேண்டும். திறந்தேன். இறுக்கினேன். என் வீரச் செயல்கள் இத்துடன் முடிந்தன.

சக்கரம் தாளைத் தொட்டது. பல்லும் பல்லும் மோதின. குலுங்கிக் குலுங்கி ஓடி, எதிரே வரப்பு வளர்ந்துகொண்டே வந்து, அதற்குப் பத்து அடி முன்னால் விமானம் நின்றது. கேப்டன் எல்லா ஸ்விட்சையும் அணைத்தார். பெல்ட்டைக் கழற்றிக் கீழே இறங்கி, வரப்பில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். பாதித் தண்ணீர் வாய்க்குப் போகாமல் சட்டையில் போயிற்று.

முதலில் வந்தவர் அந்த வயலுக்குச் சொந்தக்கார அம்மா. தலையில் துண்டு, கையில் அரிவாள். பின்னாலேயே இருபது பேர், இருபது பேர் கையிலும் செல்போன். அந்த அம்மா விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். பட்டியல் இல்லாமலே சுற்றினார். பிறகு, தமிழ் முகம் என்று என்னிடம் வந்தார்.

"ஏம்மா, ஏர்போர்ட்டு இங்கதான் வருதா?"

"இல்லம்மா. இது ஃபோர்ஸ்டு லேண்டிங்."

"அதான் கேக்கறேன். எந்த லேண்டு? எங்குளுதா, பக்கத்துல எங்க பங்காளிதா?"

"அய்யோ, அந்த லேண்டு இல்லம்மா..."

"ஃபோர்ஸு பண்ணி எடுத்துக்குவீங்களா? இன்னா நாயம் இது? நாங்க ஒரு கையெய்த்தும் போடல, சொல்லிட்டேன்."

கூட்டம் இறுகியது. "யாரும் போடாதீங்கப்பா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். கேப்டன் வரப்பிலிருந்து எழுந்து, நிலைமையைச் சமாளிக்கும் எண்ணத்தில், தனக்குத் தெரிந்த தமிழில் எல்லோருக்கும் கேட்கும்படி, "பயம் வேணா! இன்ஜினியர் வரும்!" என்றார்.

"பாத்தியா, அளக்க ஆளு வருது," என்றார் அந்த அம்மா.

மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கினேன். இன்ஜின் நின்றுபோயிற்று, வேறு வழியில்லாமல் இறங்கினோம், இன்ஜினியர் வருவது விமானத்தைப் பார்க்க, நிலத்தைப் பார்க்க அல்ல. அந்த அம்மா நம்பவில்லை. விமானத்தின் மூக்குப் பக்கம் போய், எண்ணெய் வழிந்திருந்ததை விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார். அப்புறம்தான் முகம் இளகியது.

"எங்கூட்டுக் கெணத்து மோட்டாரும் இப்டிதான். ஆனா நிக்கறதுக்கு ரெண்டு நாளு முன்னாலயே சொட்டும், காட்டிக் குடுத்துடும். இது சொட்டலியா? நீ பாக்கல?"

"பாக்கலம்மா," என்றேன்.

அன்று நான் சொன்ன முதல் பொய் அது. கேப்டனுக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. எனக்கு அதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது.

இரண்டாவது பொய் அம்மாவிடம். வயலில் எடுத்த வீடியோ அவளை எட்டுவதற்கு முன் நானே போனில் கூப்பிட்டேன்.

"அம்மா, ஒண்ணும் ஆகல."

கம்பெனியின் மெஷின் சத்தத்துக்கு நடுவே கத்தினாள். "ஒண்ணும் ஆகலன்னா எதுக்குடி ஃபோன் பண்ண?"

சொன்னேன். அழுதாள். திட்டினாள். எங்கே அடிபட்டது என்று ஐந்து முறை கேட்டாள். நானும் ஐந்து முறை ஒண்ணும் ஆகல என்றேன். நிபந்தனை அந்த ஒண்ணில்தானே இருக்கிறது. எனக்கும் சிராய்ப்பு இல்லை, கேப்டனுக்கும் இல்லை, விமானத்தின் இறக்கைகூட வளையவில்லை. அப்படியானால் ஏதாவது ஒன்று ஆயிற்றா, ஆகவில்லையா? லாரி ஓட்டும் அப்பா அன்று நாக்பூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தார். அவர் போனில், "வண்டி மக்கர் பண்ணுச்சு, ஓரங்கட்டிட்டீங்க. அவ்ளோதான? இதுக்குப் போயி உங்கம்மா இன்னாத்துக்கு பேஜார் பண்றா?" என்றார். ஓர் ஓட்டு எனக்கு. அம்மா மட்டும் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாமல், "ஊட்டுக்கு வா, பாத்துக்கலாம்," என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஆம்பூருக்குப் போனால், தெருமுனையில் டீக்கடைக்குப் பக்கத்தில் நான் பத்தடி உயரத்துக்கு நின்றிருந்தேன்.

எங்கள் தெரு நண்பர்கள் மன்றம் வைத்த ஃப்ளெக்ஸ். "பழுதான விமானத்தை வயலில் இறக்கிய ஆம்பூரின் வீரமகளே!" என்று எழுதி, என் ஸ்டேட்டஸிலிருந்து அந்தக் காலை நேரச் செல்ஃபியை எடுத்து ஊதிப் பெரிதாக்கியிருந்தார்கள். கீழே மன்றத்தார் பதினெட்டுப் பேரின் முகங்கள், கேப்டன் முகம் எங்கேயும் இல்லை. மன்றத் தலைவர் சால்வை போர்த்தினார்.

"அண்ணா, எறக்குனது நான் இல்ல. எங்க கேப்டன்."

"இன்னா அடக்கம் பாரு!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கை தட்டினார்கள். அடுத்து இரண்டு முறை மறுத்தேன், அடக்கம் இரண்டு மடங்கு கூடியது. நாலாவது முறை நான் மறுக்கவில்லை. சால்வை வேறு நல்ல நிறம்.

சாயங்காலம் அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்தாள். நான் டீக்கடையில்தான் இருந்தேன், ஃப்ளெக்ஸை அவள் பார்ப்பதைப் பார்க்க வேண்டும் என்று. நின்றாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், விளக்கு வெளிச்சத்தில் ஷூவைப் பார்ப்பது போலவே பார்த்தாள். எனக்கு நெஞ்சு விம்மியது.

"எப்டிமா இருக்குது?"

"பல்லு நல்லா வந்துக்குது," என்றாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள். "கீழ இன்னாடி அது?"

"எது?"

"ஏரோப்ளேன் மூஞ்சிக்குக் கீழ. தரையில. கறுப்பா."

ஸ்டிக்கர் பொட்டு அளவு இருந்த சொட்டு ஃப்ளெக்ஸில் ஊத்தப்பம் அளவுக்கு இருந்தது. என் வலது காதுக்கு நேராகப் பளபளத்தது. காலையிலிருந்து ஊரே அதன் கீழ் நின்று டீ குடித்திருக்கிறது.

"நெழலு," என்றேன். மூன்றாவது பொய்.

அம்மா கைப்பையைத் திறந்தாள். டீக்கடை பெஞ்சை இழுத்துப் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறினாள்.

"இன்னாக்கா, பொண்ணு படத்துல கையெய்த்துப் போடறியா?" என்றார் டீ மாஸ்டர்.

"இல்லண்ணா. டிஃபெக்ட்டு," என்றாள் அம்மா. சில்வர் பேனாவால் அந்தச் சொட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். மூடியை மூடினாள். இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

நானும் பின்னாலேயே போனேன், சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

வீட்டில் சொல்லிவிட்டேன். சொட்டைப் பார்த்தேன், துடைத்தேன், கையெழுத்துப் போட்டேன். இன்ஜினைப் பிரித்த இன்ஜினியர், எண்ணெய் போகும் ஒரு சின்னக் குழாயின் இணைப்பில் விரிசல் இருந்ததாகச் சொன்னதையும் சொன்னேன். அந்தச் சொட்டு அந்த விரிசலிலிருந்து வந்ததுதானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

"தெரியலன்னா பாஸ் பண்ணிடுவியா?"

"அடியிலதான இருந்துச்சு, உள்பக்கம்னு..." என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீதானம்மா சொல்லுவ."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஷூவுக்குச் சொன்னேன்டி," என்றாள். "ஷூ பிஞ்சா போட்டுகினவன் வானத்துலேர்ந்தா வியுவான்?"

குக்கர் இரண்டு விசில் விட்டது, யாரும் எழுந்து போகவில்லை. பிறகு நானே கேட்டேன். "நிறுத்திடணுமா?"

"ஒண்ணு ஆச்சா, இல்லியா? அத நீ சொல்லு."

என் வாயில் ஒண்ணும் ஆகல தயாராக இருந்தது. சொல்ல வரவில்லை. "ஆச்சு," என்றேன்.

"அந்த ஃபாரம் ஒண்ணு எழுதணும்னியே. அத எழுதிட்டியா?"

எழுதவில்லை. நடந்தது பற்றி நானும் கேப்டனும் தனித்தனியாக ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். புறப்படும் முன் சோதனையில் ஏதாவது குறை தெரிந்ததா என்று அதில் ஒரு கட்டம். எல்லோரும் அதில் இல்லை என்று எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். இல்லை என்று எழுதினால் அடுத்த வாரம் தனியாகப் பறக்கலாம். சொட்டு என்று எழுதினால் எப்போது பறப்பேன், பறப்பேனா என்பதே தெரியாது.

"நீ அதுல இன்னா எழுதறியோ எழுது. அத எனக்குக் காட்டு. அப்புறம் சொல்றேன்," என்றாள் அம்மா. எழுந்து போய்க் குக்கரை இறக்கினாள்.

மறுநாள் கேப்டனிடம் போய் முதலில் வாயால் சொன்னேன். இந்தியில் திட்டுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். திட்டவில்லை. ஜன்னல் வழியாக ஓடுதளத்தைப் பார்த்தபடி, "என்னை ஏன் கூப்பிடவில்லை?" என்று மட்டும் கேட்டார். சொட்டு சின்னதாக இருந்தது என்றேன். படிவத்தை என் பக்கம் தள்ளி, "லிக்கோ," என்றார். எழுது.

எழுதினேன். கட்டம் சின்னது, அதனால் பொடி எழுத்தில். தரையில் ஒரு சொட்டு, மூக்கின் அடி விளிம்பில் ஒரு சொட்டு, நான் துடைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். மதிய இடைவேளையில் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் முழுக்க மெஷின் ஓசை. நடுவே ஒரே ஒரு சொல்.

"ரீவொர்க்."

கேப்டனுக்கு அம்மாவைத் தெரியாது. ஆனாலும் தீர்ப்பு ஒன்றாகவே வந்தது. தனியாகப் பறப்பது தள்ளிப் போடப்பட்டது. நான்கு வாரம் விமானக் கொட்டகையில் இன்ஜினியரோடு இருக்க வேண்டும் என்றார். அழுக்கு மேலங்கி மாட்டிக்கொண்டு, கையில் டார்ச்சோடு, நான் பார்த்ததெல்லாம் உள்பக்கம். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை குழாய், இணைப்பு, கம்பி, கசிவு. கீறல் தேடும் வேலை. ஒருநாள் மூக்கின் அடியில் படுத்துக்கொண்டு ஒரு குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கையில், நான் கண்ணைச் சுருக்குவது யாரைப் போல் இருக்கிறது என்று தெரிந்து எரிச்சலாக வந்தது.

ஃப்ளெக்ஸ் இன்னும் இருக்கிறது. வெயிலில் என் பல் வெளுத்துவிட்டது, அதற்கு மேல் வெளுக்க முடியுமென்றால். வட்டம் மழையில் பாதி அழிந்தது. அது என்ன வட்டம் என்று கேட்பவர்களுக்கு, இன்ஜின் ரிப்பேர் ஆன இடத்தைக் குறி போட்டிருக்கிறோம் என்று டீ மாஸ்டர் விளக்கம் சொல்கிறாராம். பெரிய தப்பும் இல்லை.

நாளைக்கு மறுபடி அதே விமானம். குழாய் புதிது, இன்ஜின் பிரித்துச் சேர்த்தது. அதே பாடம். இன்ஜின் நின்றுவிட்டது என்று கேப்டன் பொய் சொல்வார், நான் நம்பியது போல நடந்துகொள்ள வேண்டும். சென்ற முறை நிஜத்தைப் பொய் என்று நம்பினேன், இம்முறை திருத்திக்கொள்ள வாய்ப்பு. அந்த வயல் இருக்கும் பக்கமே போகலாம் என்று கேட்டிருக்கிறேன். ஐந்நூறு அடிக்கு மேல்தான் இருப்போம், ஆனாலும் அந்த அம்மா அண்ணாந்து பார்த்தால் அளக்க வந்துவிட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. என்ன சைகை செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

அம்மா கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டாள். வேலிக்கு வெளியே நின்று பார்க்கப் போகிறாளாம். இன்று போனில், "அந்த ஏரோப்ளேன் மேல எய்துனா தொடச்சா போவுமா?" என்றாள்.

"அதுல எழுதக் கூடாதும்மா."

"சும்மா கேட்டேன்," என்றாள். ஆனால் பேனாவைக் கொண்டுவராமல் இருக்க மாட்டாள்.

பாடம் ஏழரைக்கு. நான் ஆறரைக்கே போய்விடுவதாக இருக்கிறேன். பட்டியலில் மூக்கின் அடி கடைசியில் வருகிறது. நாளை அங்கிருந்து ஆரம்பித்து, இறக்கைக்குப் பிறகு போகப் போகிறேன். ஒரு சொட்டு இருந்தாலும் கேப்டனைக் கூப்பிடுவேன். பாடம் தள்ளிப் போனால் போகட்டும், அம்மா இன்னோர் அரை நாள் கேட்டு வாங்குவாள். சொட்டு இல்லையென்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு அடிக்கு ஏறுவோம். கேப்டன் வேகத்தைக் குறைத்து, எந்த வயல் என்று கேட்பார். இருப்பதிலேயே அசிங்கமான வயலைத் தேடிப் பிடிப்பதாக உத்தேசம்.